பத்திரப் பதிவு நாள்: திருநள்ளாற்றில் வீடு கைமாறும் முறை

பத்திரப் பதிவு நாள் என்பது, விலை பேசி முன்பணம் கொடுத்த ஒரு வீட்டின் அல்லது மனையின் உரிமை, விற்பவரிடமிருந்து வாங்குபவருக்குச் சட்டப்படி மாறும் நாளாகும். பேச்சு வழக்கில் இதனைக் 'கிரயம் முடிக்கும் நாள்', 'ரிஜிஸ்டர் பண்ணும் நாள்' என்பர். சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 54-ஆம் பிரிவின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால் மட்டுமே நிறைவேறும். கிரய ஒப்பந்தமோ முன்பண ரசீதோ வீட்டின் உரிமையைத் தராது.

காரைக்கால் மாவட்டத்தின் திருநள்ளாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த நாளில் நடப்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அன்று சார்பதிவாளர் சரிபார்ப்பது, கையொப்பமிட்டவர் யார், அவர்தான் கையொப்பமிட்டாரா என்பதையே. வீடு உண்மையில் அவருடையதா, பணம் முழுவதும் வந்து சேர்ந்ததா என்பவற்றுக்கு அலுவலகம் பொறுப்பேற்பதில்லை. அவற்றை வாங்குபவரும் விற்பவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிற நாடுகளில்

திருநள்ளாறு, காரைக்கால் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அங்கு வீடு வாங்கியவர்கள் அறிந்த முறை வேறு. பிரான்சில் முதலில் முன் ஒப்பந்தம் எழுதப்படும். வீடு வாங்குபவருக்கு மனம் மாறினால் விலகிக்கொள்ள 10 நாள் அவகாசம் உண்டு. பின்னர் நொத்தேர் என்னும் அரசு அங்கீகாரம் பெற்ற சட்ட அலுவலர் முன் இறுதிப் பத்திரம் கையொப்பமாகும். உரிமையை ஆராய்வதும் பணத்தைத் தம் கணக்கில் வாங்கி விற்பவருக்குச் செலுத்துவதும் அவர் பொறுப்பு.

இங்கிலாந்தில் இரு தரப்புக்கும் தனித்தனி வழக்குரைஞர்கள் இருப்பர். குறித்த நாளில் ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குப் பணம் சென்றதும் சாவி கொடுக்கப்படும். நிலப் பதிவேட்டில் பெயர் மாற்றுவது அதற்குப் பிறகே நடக்கும்.

இந்தியாவில் பணத்தை நடுவில் நின்று வாங்கி வைக்கும் இத்தகைய அலுவலர் வழக்கத்தில் இல்லை. பணம், கையொப்பம், மூலப்பத்திரம், சாவி ஆகிய நான்கும் பெரும்பாலும் ஒரே நாளில் நேருக்கு நேர் கைமாறுகின்றன. எது முதலில், எது அடுத்து என்ற வரிசை இதனால் முக்கியமாகிறது.

காரைக்கால் பகுதியின் தனித்தன்மை

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று அதன் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. சொத்து மாற்றுச் சட்டம், 1968-இல் நாடாளுமன்றம் இயற்றிய பாண்டிச்சேரி சட்டங்கள் விரிவாக்கச் சட்டத்தின் வழியே இங்கு நடைமுறைக்கு வந்தது. இந்த வரலாறு இன்றைய பதிவு நாளில் நான்கு வகையில் தென்படும்.

முதலாவது, பழைய ஆவணங்கள். பிரெஞ்சு ஆட்சியில் கிரயங்கள் நொத்தேர் முன் எழுதப்பட்டன. மூலம் நொத்தேரிடமே இருக்கும். தரப்பினருக்குக் கிடைப்பது சான்றிட்ட நகல். எனவே ஒரு குடும்பத்தின் 'தாய்ப்பத்திரம்' பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட நகலாக இருக்கலாம். அதனை மொழிபெயர்த்துப் படித்த பிறகே நாள் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. புதுச்சேரிப் பகுதி நில ஆவணங்களில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்ற அளவைகள் வரும். 1 ஆர் 100 சதுர மீட்டர். 1 சென்டியார் 1 சதுர மீட்டர். விலை பேசும்போதோ குழி, மா, சென்ட் என்றே பேசுவர். குழியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். 1 ஆர் ஏறத்தாழ 1,076 சதுர அடி. 1 சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தின் சொத்து விவரத்தில் சதுர மீட்டரிலும் சதுர அடியிலும் அளவு இருந்தால் பின்னர் தகராறுக்கு இடமில்லை.

மூன்றாவது, வாரிசுரிமை. பிரெஞ்சு ஆட்சியில் தம் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. விற்பவர் அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்தவரானால், யார் யார் கையொப்பமிட வேண்டும் என்பதை வழக்கறிஞர் வழியே உறுதி செய்ய வேண்டும்.

நான்காவது, கட்டணம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் புதுச்சேரி அரசு வகுத்தவை. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினம் அல்லது மயிலாடுதுறை மாவட்டத்தில் உறவினர் கட்டிய தொகையை வைத்து இங்கு கணக்கிடக் கூடாது. எந்தப் பகுதியிலும், பத்திரத்தில் கண்ட விலை அரசின் வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் தீர்வையைக் குறைவாகச் செலுத்த முடியாது.

பதிவு நாளுக்கு முன் முடிக்க வேண்டியவை

பதிவு நாளில் ஆவணங்களை ஆராய நேரம் இராது. பின்வருவன முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்று: குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை போன்றவற்றை இது காட்டும். பதிவாகாத ஒப்பந்தம், வாய்மொழி வாடகை, நீதிமன்ற வழக்கு, பதிவு செய்யாத உயில் ஆகியவை இதில் வராமல் போகலாம். முதலில் எடுத்த சான்றுக்கும் பதிவு நாளுக்கும் இடையில் வேறு பதிவு நடந்திருக்கக்கூடும் என்பதால், பதிவுக்கு முன் கடைசியாக ஒருமுறை எடுப்பது நல்லது.

மூலப்பத்திரங்கள்: அசல் ஆவணங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். நகல் மட்டும் காட்டப்பட்டால், அசல் ஏதேனும் வங்கியில் அடமானமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வங்கிகளின் அடமானங்களைப் பதிவு செய்ய 2011 முதல் இயங்கும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தித் தேடலாம்.

மனை யாருடையது: டெல்டாப் பகுதியின் கோயில் ஊர்களில் வீடு ஒருவருக்கும் மனை கோயிலுக்கும் உரியதாக இருப்பது உண்டு. தர்ப்பாரண்யேசுவரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த திருநள்ளாற்றில் மனை வாங்குபவர் இக்கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டும். புதுச்சேரியில் கோயில் சொத்துகளுக்கு 1972-ஆம் ஆண்டின் இந்து சமய நிறுவனங்கள் சட்டம் உண்டு. கோயில் மனையைத் தனியார் தம் மனையாக விற்க முடியாது.

இளவர் பங்கு: 18 வயது நிறையாத இந்துப் பிள்ளைக்குத் தனியே உரிய அசையாச் சொத்தை, இயற்கைக் காப்பாளரான தாயோ தந்தையோ விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லையேல் அப்பிள்ளை பின்னாளில் அவ்விற்பனையை எதிர்க்கலாம்.

வரைவுப் பத்திரம்: ஆவண எழுத்தர் தயாரித்த வரைவை முந்தைய நாளே வாங்கி வரி வரியாகப் படிக்க வேண்டும். பெயரின் எழுத்து, தந்தை பெயர், புல எண், நான்கெல்லை, அளவு, கதவு எண், பணம் செலுத்திய விவரம் ஆகியவற்றில்தான் பிழைகள் மிகுதி. பதிவான பிறகு அவற்றை மாற்றப் பிழைதிருத்தல் பத்திரம் வேண்டும். அதற்கு விற்றவர் மீண்டும் வந்து கையொப்பமிட வேண்டும்.

நாளும் நேரமும்

பதிவுச் சட்டம், 1908-இன் 28-ஆம் பிரிவின்படி, சொத்து எந்தச் சார்பதிவகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்குதான் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். கையொப்பமிட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 23-ஆம் பிரிவு. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் 4 மாதம் வரை, பதிவுக் கட்டணத்தின் 10 மடங்குக்கு மேற்படாத அபராதத்துடன் ஏற்கப்படலாம்.

மக்கள் நல்ல நாள் பார்த்தே பதிவுக்குச் செல்கின்றனர். ஆடி, மார்கழி மாதங்களைப் பலர் தவிர்ப்பதால் மற்ற மாதங்களின் சுபமுகூர்த்த நாள்களில் கூட்டம் மிகும். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரையும், திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரையும் இராகு காலம். வெள்ளிக்கிழமை அதனைத் தவிர்க்க விரும்புவோர் பிற்பகலில் தாக்கல் செய்ய நேர்ந்தால், அன்றைய வங்கிப் பணிகளுக்கும் போதிய நேரம் இருக்குமாறு திட்டமிட வேண்டும். நாள் தள்ளிப்போனாலும் வரைவும் பணமும் ஆவணங்களும் முழுமையான பிறகே செல்வது நல்லது.

சார்பதிவகத்தில் நடப்பவை

எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர், இரண்டு சாட்சிகள் ஆகியோர் அசல் அடையாள ஆவணங்களுடன் வருவர். ஆதார், பான் அட்டைகளில் உள்ள பெயரும் பத்திரத்திலுள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். நிகழ்வுகள் பெரும்பாலும் இந்த வரிசையில் அமையும்.

முதலில் பத்திரம் தாக்கலாகும். தாக்கல் செய்த நாளும் நேரமும் இடமும் அதன் மீது எழுதப்படும். தீர்வையும் கட்டணமும் சரிபார்க்கப்படும். அடுத்து, கையொப்பமிட்டவர் தாமே எழுதிக்கொடுத்ததாகச் சார்பதிவாளர் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவே அன்றைய நிகழ்வின் மையம். 'இது உங்கள் கையெழுத்தா?' என்ற கேள்விக்குச் சொல்லும் 'ஆம்' என்ற விடை வீட்டைக் கைமாற்றுகிறது. பின்னர் இரு தரப்பினரின் ஒளிப்படமும் விரல் ரேகையும் எடுக்கப்படும். 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைக் கட்டாயமாக்கியது. சாட்சிகள் அடையாளம் உரைத்துக் கையொப்பமிடுவர். இறுதியில் ரசீது வழங்கப்படும்.

பத்திரம் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, சான்று எழுதப்பட்ட பிறகே திரும்பக் கிடைக்கும். அதுவரை ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பதிவு முடிந்ததும், 47-ஆம் பிரிவின்படி, பத்திரம் கையொப்பமான நாளிலிருந்தே செயல்பட்டதாகக் கருதப்படும்.

நோய் அல்லது உடல் இயலாமையால் வர முடியாதவரின் இல்லத்துக்கே பதிவு அலுவலர் செல்ல அல்லது ஆணையரை அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு. முதியவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. முன்கூட்டியே விண்ணப்பித்தால் போதும்.

சார்பதிவாளர் உரிமையை ஆராயும் அதிகாரி அல்லர் என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மீண்டும் தெளிவாக்கியது. மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்க இடமளித்த தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை, அது தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் நீக்கியது. உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்த பத்திரமும் பதிவாகக்கூடும். ஆனால் அவரிடம் இல்லாத உரிமை வாங்குபவருக்கு வந்துவிடாது.

பணம் கைமாறும் வரிசை

கிரயப் பத்திரத்தில் 'கிரயத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். பணம் கணக்கில் ஏறும் முன் இதில் கையொப்பமிடுவதே விற்பவர் எதிர்கொள்ளும் பெரிய ஆபத்து. சட்டப்படி விற்பனை என்பது விலை கொடுத்தோ, கொடுப்பதாக வாக்களித்தோ நடப்பது. எனவே பதிவு முடிந்துவிட்டால், பணம் வராவிட்டாலும் உரிமை போய்விடும். நிலுவைத் தொகைக்காக அச்சொத்தின் மீது பற்றுரிமை மட்டுமே விற்றவருக்கு மிஞ்சும்.

குஜராத்தின் சூரத் பகுதியில் எழுந்த வழக்கு ஒன்று இதற்குச் சான்று. 2009-இல் 1.74 கோடி ரூபாய்க்குப் பல காசோலைகள் குறிப்பிடப்பட்டு ஒரு நிலம் பதிவானது. தங்களுக்கு 40,000 ரூபாயே வந்தது என்று விற்றவர்கள் 2014-இல் வழக்குத் தொடுத்தனர். விலையின் பகுதி வராமல் போனது என்பதாலேயே பதிவான பத்திரத்தை ரத்து செய்ய முடியாது. பணத்தை வசூலிக்கவே வழி தேட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கும் காலங்கடந்தது எனத் தள்ளுபடியானது.

வாங்குபவருக்கும் இதே அளவு அச்சம் உண்டு. முழுப் பணத்தையும் முன்னரே அனுப்பிவிட்டால், விற்பவர் வராமல் போகலாம். வங்கி வரைவோலை இதற்கு இடைவழியாகப் பயன்படுகிறது. விற்பவர் பெயரில் எடுத்த வரைவோலையை அவர் முன்கூட்டியே பார்த்து, எண்ணைப் பத்திரத்தில் எழுதச் செய்து, சார்பதிவாளர் முன் பெற்றுக்கொள்ளலாம். தம் முன்னிலையில் நடந்த பணக் கொடுப்பைப் பத்திரத்தின் மீது குறிப்பது 58-ஆம் பிரிவின்படி பதிவு அலுவலரின் கடமை. வரைவோலை போலியன்று என்பதை வழங்கிய வங்கிக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மின்வழியில் அனுப்ப 2 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆர்டிஜிஎஸ் முறை ஏற்றது. 2020 டிசம்பர் முதல் அது எந்நேரமும் இயங்குகிறது. அனுப்பும் முன், கணக்கு எண்ணுக்கு உரியவர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் இப்போது உண்டு. முன்பணமாயினும் மீதியாயினும் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

விற்பவருக்கு வீட்டுக் கடன் இருந்தால் கணக்கு இப்படி அமையலாம். வீட்டின் விலை 40 லட்சம் என்றும், முன்பணம் 4 லட்சம், வாங்குபவரின் கைப்பணம் 8 லட்சம், அவர் பெறும் வங்கிக் கடன் 28 லட்சம் என்றும் கொள்வோம். விற்பவரின் பழைய கடன் பாக்கி 9 லட்சம். வாங்குபவரின் வங்கி அந்த 28 லட்சத்தில் 9 லட்சத்தைப் பழைய வங்கிக்கும் 19 லட்சத்தை விற்பவருக்கும் இரண்டு வரைவோலைகளாக எடுக்கும். பழைய வங்கியின் அடமானம் நீங்கி, மூலப்பத்திரம் புதிய வங்கிக்குச் செல்லும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதி.

விலை அல்லது வழிகாட்டி மதிப்பு 50 லட்சம் ரூபாயைத் தொட்டால், வாங்குபவர் 1 விழுக்காட்டை வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். விலை 60 லட்சமாயின் 60,000 ரூபாய் வரிக்கும் 59,40,000 ரூபாய் விற்பவருக்கும் செல்லும். விற்பவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவரானால் இந்த 50 லட்ச வரம்பு பொருந்தாது. வரி விகிதமும் உயர்ந்தது. பிரான்சிலுள்ள உறவினரிடம் வீடு வாங்குவோர் அறியாமல் விடும் செய்தி இது. பிடிக்காமல் விட்ட வரிக்கு வாங்குபவரே பொறுப்பாளி.

அதிகாரம் பெற்றவர் கையொப்பமிடும்போது

வெளிநாட்டில் வசிப்பவர் நேரில் வராமல், ஊரிலுள்ள ஒருவருக்கு அதிகார ஆவணம் கொடுத்து விற்கலாம். அந்த ஆவணம் அந்நாட்டில் நோட்டரி, நீதிமன்றம் அல்லது இந்தியத் தூதரக அலுவலர் முன் எழுதிச் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரையிட வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் இன்றும் உயிருடன் உள்ளாரா, அதிகாரத்தை ரத்து செய்தாரா என்பதை வாங்குபவர் காணொளி அழைப்பிலாவது கேட்டறிவது முறை. பணம் உரிமையாளரின் கணக்குக்கே செல்ல வேண்டும்.

அதிகார ஆவணத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு 'வீடு வாங்கிவிட்டோம்' என்று நினைப்பது தவறு. அது உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியது.

சாவியும் சுவாதீனமும்

பதிவு முடிந்ததும் இரு தரப்பினரும் வீட்டுக்குச் சென்று சாவியை ஒப்படைப்பது வழக்கம். அன்று காலையே வாங்குபவர் வீட்டைப் பார்த்து, அது காலியாக உள்ளதா, பேசிய பொருள்கள் இருக்கின்றனவா என்று அறிய வேண்டும். குடியிருப்பவர் இருந்தால், அவர் எப்போது வெளியேறுவார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மின்அளவியின் அளவை இருவரும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டால், எந்த நாள் வரை யார் கட்டணம் என்ற பேச்சு எழாது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, விற்பனை நாள் வரையிலான வரியும் கட்டணமும் விற்பவருடையவை. அதன் பிறகு வாங்குபவருடையவை. இது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு.

அதே பிரிவு மற்றொன்றும் சொல்கிறது. உரிமை மாறிய பிறகு, விற்பவரின் குற்றமின்றி வீட்டுக்கு ஏற்படும் சேதம் வாங்குபவரையே சேரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பதிவு முடித்து, சாவியைத் தை மாதத்தில் வாங்கிக்கொள்வதாக விடுபவர், இடையில் வரும் புயலின் இழப்பையும் ஏற்கிறார். கடற்கரை மாவட்டத்தில் வீட்டுக் காப்பீடு பதிவு நாளிலேயே தொடங்குவது இதனால் பயனுள்ளது.

விற்பவர் மறுத்தால்

கிரய ஒப்பந்தம் எழுதிய பின் விற்பவர் பத்திரம் எழுதவே மறுத்தால், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குத் தொடுக்கலாம். ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்நாளிலிருந்தும், குறிக்காவிடில் மறுப்பு தெரிய வந்த நாளிலிருந்தும் 3 ஆண்டு அதற்கான காலவரம்பு. பத்திரத்தில் கையொப்பமிட்டுவிட்டுச் சார்பதிவாளர் முன் அதனை மறுத்தால் பதிவு மறுக்கப்படும். வாங்குபவர் 30 நாளுக்குள் பதிவாளரிடம் விண்ணப்பித்து விசாரணை கோரலாம். கையொப்பமிட்டவர் பதிவுக்கு முன் இறந்துவிட்டால், அவருடைய சட்டப் பிரதிநிதி வந்து ஒப்புக்கொண்டு பதிவை முடிக்க வழி உண்டு.

பதிவுக்குப் பிறகு

பதிவான பத்திரம் கைக்கு வந்தவுடன் ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். சில நாள்கள் கழித்துப் புதிய வில்லங்கச் சான்று எடுத்தால், அதில் வாங்கியவரின் பெயர் ஏறியிருப்பது தெரியும். அடுத்து வருவாய்த் துறையில் பட்டா மாற்றம், கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டு வரிப் பெயர் மாற்றம், மின்துறையிலும் குடிநீர் இணைப்பிலும் பெயர் மாற்றம் ஆகியவற்றைச் செய்ய வேண்டும். பட்டா மட்டும் உரிமையை நிலைநாட்டாது. ஆனால் பழைய பெயரிலேயே பட்டா இருப்பது அடுத்த விற்பனையின்போதும் கடன் வாங்கும்போதும் தடையாகும்.

பதிவு நாளின் மாலையில் விற்றவரிடம் முழுத் தொகையும், தம் கையொப்பமிட்ட பத்திரத்தின் நகலும், சாவி கொடுத்ததற்கான ஒப்புகையும் இருக்க வேண்டும். வாங்கியவரிடம் பதிவு ரசீதும், மூலப்பத்திரங்களும், வரி ரசீதுகளும், சாவிகளும் இருக்க வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் மூலப்பத்திரங்களை வங்கி பெற்றுக்கொண்டதற்கான பட்டியல் இருக்க வேண்டும். இவை அனைத்தும் உரியவர் கையில் சேர்ந்த பிறகே புதுமனை புகுவிழாவுக்கு நாள் பார்க்கலாம்.